குடிசை இருந்த மேடு

(ஒரகடம் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வேலைக்கு வரும் வழியில், ஆலை மதிற்சுவர் ஓரமாகத் தூர்ந்த கிணற்றையும் தனித்து நிற்கும் வேப்பமரத்தையும் பார்த்திருப்பீர்கள். அங்கே குடிசைகள் இருந்தன என்பதற்கு அவையே மிஞ்சிய சாட்சி.

இது நமக்கு மட்டும் நேர்ந்த கதியல்ல. இங்கிலாந்தில் 1851க்கும் 1861க்கும் இடையே 821 ஊர்ப்பகுதிகளில் விவசாயத் தொழிலாளரின் குடிசைகள் இடிக்கப்பட்டன. ஜனங்கள் பெருகினார்கள், வீடுகள் குறைந்தன. ஊரில் குடிசை இருந்தால், நலிந்த காலத்தில் ஏழைகளைக் காக்க நிலப்பிரபு வரி கொடுக்க வேண்டும். ஆகவே இடித்தார்கள். அவன் உழைப்பு வேண்டும். அவன் மட்டும் குடியிருக்கக் கூடாது! 1867ல் வெளிவந்த 'மூலதனம்' நூலில் மார்க்ஸ் இதை அம்பலப்படுத்தினார்.

இங்கே நடப்பதென்ன? நிலத்துக்கு விலை பேசுகிறவர்கள் பட்டாவைப் பார்க்கிறார்கள். பட்டா இல்லாத புறம்போக்குக் குடிசைக்காரன், கூலிக்கு நாற்று நட்ட பெண் எங்கே போவார்கள்?

ஆலையாவது நிரந்தரமா? ஸ்ரீபெரும்புதூரில் 2006ல் துவங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. வேலையும் போயிற்று; வயலும் திரும்பவில்லை.

நாம் தொழில் வளர்ச்சிக்கு விரோதிகளல்ல. ஆனால் 2022 ஆகஸ்டில் பரந்தூர் விமான நிலையம் அறிவிக்கப்பட்டதும் ஏகனாபுரம் மக்கள் ஏன் போராட்டத்தில் இறங்கினார்கள்? திட்ட எல்லைக்குள் அவர்கள் ஊரே அடங்குகிறது. நாளை அங்கும் ஒரு கிணறும் மரமும்தான் மிஞ்ச வேண்டுமா?

வேலை நிரந்தரத்தோடு குடியிருக்க மனைப்பட்டாவும் நம் கோரிக்கையாகட்டும்! வயலில் உழைப்பவரும் ஆலையில் உழைப்பவரும் ஒன்று சேரட்டும்!