பழைய புட்டியும் புதிய பெயரும்

வெளிமாநிலங்களில் வாழும் தமிழர் இல்லங்களில் வேறு எது குறைந்தாலும் காலிப் புட்டிகளுக்குக் குறைவிராது. ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் நல்லெண்ணெயும், நன்னாரி சர்பத்தும், மாவடுவும் நம்முடன் வந்துவிடுகின்றன. உள்ளே இருந்தது தீர்ந்துபோன பின்னரும் புட்டியை எறிய மனம் வருவதில்லை. தெருவில் கூவிக்கொண்டு வரும் கபாடிவாலா கொடுக்கும் சில்லறையை நினைத்துப் பார்த்து, 'இருக்கட்டும், எதற்காவது உதவும்' என்று பரணில் ஏற்றிவிடுகிறோம்.

உதவவும் செய்கிறது. தில்லியில் குளிர்காலம் வந்தால் கருப்புக் கேரட்டு கடைக்கு வரும். அதை நறுக்கி, உப்பும் அரைத்த கடுகும் சேர்த்து, நீர் ஊற்றிச் சில நாட்கள் வெயிலில் வைத்துப் புளிக்கவிட்டால், 'காஞ்சி' என்னும் பானம் கிடைக்கும். அண்டை வீட்டுப் பஞ்சாபி அம்மையார் முதன்முறை அந்தப் பெயரைச் சொன்னபோது நம் ஊர்க் கஞ்சி என்றே நாங்கள் எண்ணினோம். சுவைத்த பிறகுதான் வேறு என்று தெரிந்தது. இன்று எங்கள் இல்லத்திலும் காஞ்சி போடுகிறோம். கோடையில் எலுமிச்சைச் சர்பத்தும், இஞ்சிப் பானமும் செய்கிறோம். இவை அனைத்திற்கும் புட்டி வேண்டும். பழைய புட்டியை எப்படித் தூய்மை செய்வது, அதன் மேல் ஒட்டியுள்ள பெயர்ச்சீட்டை எப்படி அகற்றுவது என்பதே இன்றைய பேச்சின் பொருள். மது காய்ச்சுவதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. அது அந்தந்த மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டது. குஜராத்திலும், 2016 முதல் பீகாரிலும் மதுவிலக்கு நடப்பில் உள்ளது.

பெயர்ச்சீட்டை அகற்றுவது அழகுக்காக மட்டும் என்று நாங்களும் ஒரு காலத்தில் நினைத்திருந்தோம். ஒரு ஜூன் மாதம் அந்த எண்ணம் மாறியது. மிதிவண்டியில் வந்தவரிடம் வெள்ளைப் பினாயில் வாங்கி, எலுமிச்சை ஸ்குவாஷ் இருந்த பழைய புட்டி ஒன்றில் ஊற்றி வைத்திருந்தோம். சீட்டைக் கிழிக்கவில்லை. ஊரிலிருந்து வந்திருந்த எங்கள் தந்தையார் வெயிலில் வெளியே சென்று திரும்பினார். அவருக்கு இந்தி படிக்கத் தெரியாது. ஆனால் சீட்டில் இரண்டு எலுமிச்சம் பழங்கள் பளிச்சென்று இருந்தன. டம்ளரில் ஊற்றித் தண்ணீரும் கலந்துவிட்டார். வாயருகே கொண்டு போனபோது வீசிய வாடைதான் அவரைக் காப்பாற்றியது. "என்னப்பா, ஸ்குவாஷ் கெட்டுப்போயிற்றே?" என்று கேட்டுக்கொண்டே டம்ளரை எங்களிடம் நீட்டினார். சொல்லும் பொருளும் ஒத்திருக்கிறதா என்று நாள் முழுதும் அலுவலகத்தில் பார்ப்பது எங்கள் தொழில். எங்கள் வீட்டுச் சமையலறையிலேயே பொய்ச்சொல் ஒன்று புட்டியின் மேல் ஒட்டிக்கொண்டிருந்ததை நாங்கள் பார்க்கத் தவறிவிட்டோம்.

ஆகவே முதல் விதி இது. பினாயில், அமிலம், மண்ணெண்ணெய், பூச்சிமருந்து ஆகியவை ஒருமுறை இருந்த புட்டி, எவ்வளவு கழுவினாலும் உணவுக்கு ஆகாது. உணவு இருந்த புட்டியில் இவற்றை ஊற்றுவதும் ஆகாது. உள்ளே முன்பு என்ன இருந்தது என்று தெரியாத புட்டியையும் கபாடிவாலாவிடமே விட்டுவிடுவது நலம். முகர்ந்து பார்த்து முடிவு செய்யலாகாது. எல்லா நஞ்சுக்கும் வாடை இருப்பதில்லை.

அடுத்து, புட்டியின் உடலைச் சோதிக்க வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து விரிசல் உண்டா என்று பார்க்கலாம். வாய் விளிம்பில் ஒரு பழந்துணியைச் சுற்றி இழுத்தால், சிறு சில்லு பெயர்ந்திருந்தாலும் நூல் சிக்கும். அப்படிப்பட்ட புட்டியை ஒதுக்கிவிட வேண்டும்.

இனி சீட்டை எடுக்கும் முறை. எல்லாச் சீட்டும் ஒரே பசையால் ஒட்டப்படுவதில்லை. மாவுப்பசையாலோ, பாலிலிருந்து எடுக்கும் கேசீன் பசையாலோ ஒட்டிய காகிதச் சீட்டு நீருக்கு இணங்கும். கேசீன் பசை குளிர்ந்த நீரில் பிடிவாதமாக நிற்கும். காரம் கலந்த வெந்நீரில் கரைந்துவிடும். ஆகவே ஒரு பிளாஸ்டிக் வாளியில் கை பொறுக்கும் வெந்நீர் எடுத்து, ஒரு கைப்பிடி சலவைச் சோடாவைக் கரைக்க வேண்டும். அலுமினியப் பாத்திரம் கூடாது. காரம் அதை அரித்துவிடும். புட்டிக்குள்ளும் அந்த நீரை நிரப்பினால்தான் அது மிதக்காமல் மூழ்கும். இரவு முழுதும் ஊறவிட்டால் காலையில் சீட்டு தானே கழன்று மிதக்கும். கைக்கு ரப்பர் உறை இடுவது நன்று. தொழிற்சாலைகளில் இதற்குக் காஸ்டிக் சோடா பயன்படுத்துகிறார்கள். தோலையும் கண்ணையும் சுட்டுவிடும் அந்தப் பொருள் வீட்டுக்கு வேண்டாம்.

இக்காலத்துச் சீட்டுகளில் பல, பின்புறத்தில் பிசுபிசுப்பான பசை பூசிய பிளாஸ்டிக் தாள்கள். இவற்றை நீரில் எத்தனை நாள் ஊறவைத்தாலும் நீர் உள்ளே புகாது. வெப்பத்துக்குத்தான் அவை இளகும். புட்டிக்குள் முதலில் வெதுவெதுப்பான நீரும், பிறகு சற்றுச் சூடான நீரும் ஊற்றி ஐந்து நிமிடம் பொறுத்து, ஒரு மூலையை நகத்தால் கிளப்பி மெதுவாக உரிக்க வேண்டும். குளிர்ந்த புட்டியில் கொதிநீரை ஒரேயடியாக ஊற்றினால் கண்ணாடி விரிந்து வெடித்துவிடும். உரித்த இடத்தில் எஞ்சும் பிசுக்கின் மேல் சமையல் எண்ணெயைத் தடவி அரைமணி நேரம் விட்டு, எண்ணெயில் குழைத்த ஆப்பசோடாவால் தேய்த்தால் போய்விடும். பின்னர் சோப்பு நீரால் எண்ணெயை நீக்கலாம். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் கொண்டு துடைப்பது அடுப்புள்ள அறையில் நெருப்பை அழைப்பதாகும். சில சோடாப் புட்டிகளில் பெயர் சீட்டாக ஒட்டப்படாமல் வண்ணத்தால் எழுதிக் கண்ணாடியோடு சேர்த்துச் சுடப்பட்டிருக்கும். அதனுடன் போராடுவது வீண்.

புறம் தூயதாயிற்று, அகம் இருக்கிறது. நீண்ட காம்புள்ள தூரிகை இல்லையேல், ஒரு பிடி பச்சரிசியும் சோப்பு நீரும் இட்டு நன்றாகக் குலுக்கினால் அடியில் படிந்த அழுக்கு பெயரும். மணல் இட்டுக் குலுக்குவது வழக்கத்தில் இருந்தாலும், அது கண்ணாடியைக் கீறிப் பலவீனமாக்கும். கடின நீர் உள்ள ஊர்களில் உட்புறத்தில் வெண்படலம் படியும். சிறிது வினிகர் ஊற்றி வைத்தால் கரைந்துவிடும். ஓர் எச்சரிக்கை: வெளுப்புத் திரவத்தை வினிகருடனோ கழிவறை அமிலத்துடனோ ஒருபோதும் கலக்கக் கூடாது. அதிலிருந்து எழும் குளோரின் வாயு மூச்சைத் தாக்கும். கழுவி முடித்த பின், சோடாவின் வழுவழுப்பு விரலுக்குத் தெரியாத வரை நல்ல நீரில் அலச வேண்டும்.

தூய்மை வேறு, கிருமி நீக்கம் வேறு. அழுக்கின் மறைவில் கிருமி பிழைத்துக்கொள்ளும். ஆதலால் கழுவிய பிறகே கொதிக்கவைக்க வேண்டும். அகன்ற பாத்திரத்தின் அடியில் துணி விரித்து, புட்டிகளைக் கிடத்தி, குளிர்ந்த நீரில் முழுதும் மூழ்கச் செய்து, மெல்லச் சூடேற்றி, கொதி வந்தபின் பத்து நிமிடம் வைக்கலாம். சிம்லா போன்ற மலையூர்களில் நீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும். அங்கு ஆயிரம் அடி உயரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டிக்கொள்வது நல்லது. பிறகு சுத்தமான துணியின் மேல் கவிழ்த்து உலர்த்த வேண்டும். மூடியும் புட்டியைப் போலவே முக்கியம். துருப்பிடித்த மூடி, நெளிந்த தகர மூடி, வெடித்த ரப்பர் வளையம் ஆகியவற்றை மறுபடி பயன்படுத்தலாகாது.

புளிக்கும் பானத்துக்கு மற்றொரு கவனமும் வேண்டும். புளிப்பேறும்போது வாயு உண்டாகும். ஜாம் புட்டியும் சாஸ் புட்டியும் அந்த அழுத்தத்தைத் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல. காஞ்சியைப் புளிக்கவிடும்போது வாயைத் துணியால் கட்டி வைத்தால் போதும். பிறகு புட்டியில் நிரப்பினால் மேலே சிறிது இடம் விட்டு, குளிர்ப்பெட்டியில் வைத்து, அவ்வப்போது மூடியைத் தளர்த்தி வாயுவை விட வேண்டும். இறுக மூடி வெயிலில் வைத்த புட்டி வெடித்தால் சில்லுகள் நாலாபுறமும் பாயும்.

எல்லாம் முடிந்தபின் புதிய சீட்டு ஒட்டுவதை மறக்கக் கூடாது. உள்ளே இருப்பது என்ன, என்று ஊற்றியது என்ற இரண்டும் அதில் இருக்க வேண்டும். எந்த மொழியில் எழுதுவது என்ற கேள்வி நம்மைப் போன்றவர்களுக்கு உண்டு. பிள்ளைகள் பள்ளியில் இந்தி படிக்கிறார்கள். ஊரிலிருந்து வரும் பாட்டிக்குத் தமிழ்தான் தெரியும். உதவிக்கு வரும் பெண்மணிக்கு எழுத்தே தெரியாமலிருக்கலாம். ஆகவே எங்கள் இல்லத்தில் இரு மொழியிலும் எழுதி, பக்கத்தில் ஒரு சிறு படமும் வரைகிறோம். மைதாப் பசையால் ஒட்டினால் அடுத்த முறை நீரிலேயே கழன்றுவிடும்.

வேண்டாத புட்டியைக் கபாடிவாலாவிடம் கொடுக்கும்போதும் சீட்டைக் கிழித்தே கொடுங்கள். பெயர் பெற்ற சரக்கின் புட்டியும் சீட்டும் சிதையாமல் கிடைத்தால், போலிச் சரக்கை நிரப்பி விற்பவர்களுக்கு வேலை எளிதாகிவிடும். அப்படி ஏமாறுபவர் முகம் தெரியாத யாரோ ஒருவராக இருக்கலாம், நாமாகவும் இருக்கலாம்.

இன்று எங்கள் பரணில் இருபது புட்டிகள் இருக்கின்றன. ஒன்றில்கூடப் பழைய பெயர் இல்லை. பினாயில் அது வந்த கலத்திலேயே, குளியலறையின் மேல்தட்டில் தனியே இருக்கிறது. சென்ற கோடையில் தந்தையார் மறுபடி வந்திருந்தார். புட்டியை எடுத்தவர் சீட்டைத் தமிழில் ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டு, பிறகுதான் ஊற்றிக்கொண்டார்.