எம்டன் கப்பலுக்கு என்ன நிறம்?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



"அந்த ஆள் சரியான எம்டன்" என்று நம் வீடுகளில் சொல்வோம். எம்டன் என்பது ஒரு ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன, உயிர்களும் போயின. உயர் நீதிமன்ற மதிலில் அதன் நினைவுக் கல்வெட்டு இருக்கிறது.

சங்க அறையில் நம் பிள்ளைகள் மேசைமேல் கடற்போர் விளையாடுகிறார்கள். சிறு கப்பல்களை ஸ்கேலால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சுடும் ஆட்டம். 1898-லேயே பிரெட் ஜேன் என்ற ஆங்கிலேயர் இதற்கு விதிகள் வெளியிட்டார். "போர் விளையாட்டு எதற்கு?" என்று சிலர் கேட்டீர்கள். கப்பலுக்கு வண்ணம் பூசும் முறையைச் சொல்கிறேன். பதில் அதிலேயே இருக்கிறது.

முதலில் தேதியை முடிவு செய்ய வேண்டும். தேதி இல்லாத வவுச்சரை வங்கியில் பாஸ் செய்ய மாட்டோம் அல்லவா? சமாதான காலத்தில் எம்டன் வெள்ளை. புகைபோக்கிகள் மஞ்சள் கலந்த பழுப்பு. சென்னைக்கு வந்தபோது சாம்பல் நிறம். அதற்குப் புகைபோக்கி மூன்று. 1914 அக்டோபர் 28 அன்று பினாங்கு துறைமுகத்தில் நுழைந்தபோது, பிரிட்டிஷ் கப்பல்போல் தெரிய நாலாவதாக ஒரு பொய்ப் புகைபோக்கி வைத்திருந்தது. தேதி மாறினால் கப்பலும் மாறும்.

அசல் கப்பல் 118 மீட்டர். 1,200-ல் ஒரு பங்கு மாதிரி என்றால் சுமார் 10 சென்டிமீட்டர். சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, பிரைமர் அடியுங்கள். அக்ரிலிக் பெயிண்டைத் தண்ணீர் விட்டு இளக்கி இரண்டு கை பூசுங்கள். தடித்துப் பூசினால் பீரங்கிகள் மறைந்துவிடும். பிறகு நீர்த்த கறுப்பை இடுக்குகளில் ஓடவிட்டு, காய்ந்த தூரிகையால் விளிம்புகளில் வெளிர் சாம்பலைத் தடவினால் எட்ட நின்றாலும் வடிவம் தெரியும்.

பல கைகள் தொடும் பொருள் என்பதால் கடைசியில் வார்னிஷ் அவசியம். ஸ்பிரே வார்னிஷை ஐப்பசி மழை ஈரத்தில் அடித்தால் வெளுத்துப்போகும். வெயில் நாளில் மொட்டை மாடியில் அடியுங்கள். மூடிய அறையிலும் அடுப்பருகிலும் வேண்டாம். கப்பலை ஒரு பிளாஸ்டிக் தகட்டில் ஒட்டி, தகட்டைப் பிடித்தே நகர்த்தினால் பாய்மரக் கம்பிகள் உடையாது.

தகட்டின் ஓரத்தில் கப்பலின் பெயரையும் தேதியையும் எழுதச் சொல்லுங்கள். 1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பலிடம் எம்டன் தோற்றது. 130-க்கும் மேற்பட்ட ஜெர்மன் மாலுமிகள் இறந்தார்கள். ஆட்டம் முடிந்து கப்பலைப் பெட்டியில் வைக்கும் பிள்ளை அதையும் தெரிந்துகொண்டு வைக்கட்டும். அதற்காகத்தான் இந்த விளையாட்டு வேண்டும் என்கிறேன்.