பின்கதவும் மடக்குப்படியும்
(பிக்கட்டியில் ஆற்றிய உரை)

நோயாளிகளை ஏற்றிவரப் பழைய ஸ்டேஷன் வேகன் ஒன்றைத் தர விரும்பினால், முதலில் அதன் பின்கதவைப் பாருங்கள். 1946இல் வந்த வில்லிஸ் ஜீப் ஸ்டேஷன் வேகனில் பின்கதவு இரண்டாகப் பிரியும்: கண்ணாடிப் பாதி மேலே, தகட்டுப் பாதி கீழே. கீழ்ப்பாதி நம் பாட்டிமார் உட்கார நல்ல திண்ணைதான்! ஆனால் ஸ்ட்ரெச்சரைத் தூக்குகிறவர் அதன் விளிம்பில் கால் வைத்து ஏறும்போதுதான் எனக்குப் பயம். கீலைவிட்டு இருமடங்கு தள்ளி மிதித்தால், தாங்கிகளில் இழுப்பும் இருமடங்கு. மலைப்பனியில் துருவேறிய கீல் எத்தனை நாள் பொறுக்கும்?

பழைய லேண்ட்ரோவர் ஸ்டேஷன் வேகனில் பின்கதவு பக்கவாட்டில் திறக்கும். அதன்கீழ் மடக்குப்படி, சாசியின் குறுக்குச்சட்டத்திலேயே. மிதிப்பவர் பாரம் கதவுக்குப் போகாது. நீங்கள் தரும் வண்டிக்கும் படியைச் சாசியில் போல்ட் போட்டு மாட்டித் தாருங்கள், பின்கதவில் வேண்டாம்.