வீட்டிலேயே முட்டை டெவல் செய்வோம்

(தோட்ட மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

அன்பான தாய்மாரே, சகோதரிகளே, வாசலில் நிற்கும் அண்ணன்மாரே,

இன்றைக்கு நாங்கள் பேச வந்தது முட்டை டெவலைப் பற்றி. சிரிக்காதீங்க. டெவல் என்றதும் போத்தலுக்குப் பக்கத்தில் வைக்கிற "பைட்" என்றுதான் பலரும் நினைக்கிறோம். சம்பள நாளில் நாலு முட்டை வாங்கினால் நாலும் அந்தத் தட்டுக்கே போய்விடுகிற வீடுகளும் உண்டு. காலையில் பெரட்டுக்குப் போய், மலையேறிக் கொழுந்து பறித்து வந்த தாய்க்கு, தாச்சியில் ஒட்டிய வெங்காயம்தான் மிச்சம். அந்த முட்டை குடும்பத்துச் சாப்பாட்டுக்கு வரவேண்டும். அதற்காகத்தான் இந்தப் பேச்சு.

டெவில் என்றால் ஆங்கிலத்தில் பிசாசு. உறைப்பாகச் சமைத்ததை வெள்ளைக்காரர் 18ஆம் நூற்றாண்டிலேயே அந்தப் பெயரால் சொன்னார்கள். அவர்களுடைய டெவல் முட்டை வேறு. அவித்த முட்டையை இரண்டாக வெட்டி, மஞ்சள் கருவைக் கடுகோடு பிசைந்து திரும்ப நிரப்புவது. நம் நாட்டில் வெங்காயம், கறிமிளகாய், தக்காளி போட்டுப் பிரட்டுவதுதான் டெவல்.

ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஐந்து முட்டை எடுங்கள். தண்ணீரில் போட்டுப் பாருங்கள். அடியில் படுத்தால் புதிது. மிதந்தால் பழசு, ஒதுக்கிவிடுங்கள். வெடித்த முட்டையும் வேண்டாம்.

பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வையுங்கள். உயரம் கூடக்கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். கொழும்பில் 100 பாகையில் கொதிக்கிற தண்ணீர், 6,000 அடிக்கு மேலே உள்ள நுவரெலியாவில் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். அதனால் கொதி வந்த பிறகு கீழ்நாட்டில் 10 நிமிசம் என்றால், மேலே 12, 13 நிமிசம் விடுங்கள். கரு நன்றாக இறுக வேண்டும். அரைவேக்காட்டு முட்டையில் வயிற்றோட்டம் உண்டாக்கும் கிருமி இருக்கலாம். கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் அது ஆகாது.

கோது நீக்கி, முட்டையை முள்ளுக்கரண்டியால் நாலு இடத்தில் குத்துங்கள். குத்தாவிட்டால் எண்ணெயில் வெடித்துத் தெறிக்கும். மஞ்சளும் உப்பும் தடவி, கொஞ்ச எண்ணெயில் பொன்னிறமாகப் பிரட்டி எடுத்து வையுங்கள். அதே எண்ணெயில் நாலு பல்லு வெள்ளைப்பூண்டு, பெரிய துண்டாக வெட்டிய 2 பெரிய வெங்காயம், 3 கறிமிளகாய் போட்டு, நல்ல நெருப்பில் வதக்குங்கள். தோட்டத்தில் லீக்ஸ் இருந்தால் அதையும் போடலாம். பிறகு 2 பழுத்த தக்காளி, ஒரு தேக்கரண்டி இடித்த மிளகாய், அரைத் தேக்கரண்டி சீனி, கொஞ்சம் வினாகிரி. சோஸ் கட்டாயமில்லை, போட்டால் உப்பைக் குறையுங்கள், அதில் உப்பு இருக்கிறது. கடைசியில் முட்டையைப் போட்டு இரண்டு நிமிசம் பிரட்டி இறக்கி, தேசிக்காய் பிழியுங்கள். சோற்றுக்கும் நல்லது, ரொட்டிக்கும் நல்லது.

ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு உறைப்பு வேண்டாம். அவித்த முட்டையில் கொஞ்சம் முதலிலேயே எடுத்து மசித்துக் கொடுங்கள்.

ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் உண்டு. பிள்ளையின் வளர்ச்சிக்கும் கர்ப்பிணியின் உடம்புக்கும் அது தேவை. "முட்டை சூடு" என்று கர்ப்பிணியை விலக்கி வைக்காதீங்க. ஆனால் இரத்தச்சோகைக்கு முட்டை மட்டும் போதாது. அதில் இரும்புச்சத்து கொஞ்சம்தான், சுலபமாக உடம்பில் சேராது. கிளினிக்கில் தருகிற இரும்புச்சத்துக் குளிசையை விடாமல் போடுங்கள், தண்ணீரோடு. சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால், சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். தேயிலை பறிக்கிற நமக்கு இது கொஞ்சம் கஷ்டம்தான், பழகிக்கொள்ளலாம்.

முட்டை விலை நமக்குத் தெரியாததல்ல. 2023இல் இந்தியாவிலிருந்தே முட்டை இறக்க வேண்டி வந்ததைப் பார்த்தோம். தினமும் வாங்க முடியாதுதான். வாங்குகிற நாளில் பங்கு சரியாகப் போகட்டும். ஐந்து முட்டை இருந்தால் ஆளுக்கு ஒன்று. மூன்றுதான் இருந்தால் முதலில் கர்ப்பிணி, பால் கொடுக்கிற தாய், பிள்ளைகள், மற்றவர்களுக்குப் பிறகு. லயத்துக்குப் பின்னால் இடமிருந்தால் இரண்டு மூன்று கோழி வளர்க்கலாம்.

அண்ணன்மாரே, வருகிற சம்பள நாளில் நீங்களே இந்த டெவலைச் செய்யுங்கள். செய்து, முதல் தட்டை வீட்டுக்காரிக்குக் கொடுங்கள். அவங்க சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் இருங்கள். இல்லாவிட்டால் தன் பங்கையும் பிள்ளைக்கு எடுத்து வைத்துவிடுவாங்க.