சோயாவும் உடற்கொழுப்பும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



எங்கள் லயத்து அத்தை ஒருவர் கிளினிக்கிலிருந்து திரும்பியதும் என்னை மறித்து, "தம்பி, சோயா மீட் சாப்பிட்டா கொழுப்பு கரையுமாமே, நெசமா?" என்று கேட்டார். மிஷன் பள்ளியில் ஈரலைப் படமாக வரைந்து பாகங்களுக்குப் பெயர் எழுதியவன் நான். ஆயினும் அந்த ஈரல் கொழுப்பை என்ன செய்கிறது என்று அத்தைக்கு விளங்கும்படி கூற அன்று என்னால் இயலவில்லை. அதன்பின் தேடி அறிந்ததையே இன்று தங்கள் முன் வைக்கிறேன்.

சோயா நம் நாட்டில் பரவியது கொழுப்புக்கு மருந்தாக அன்று, பசிக்கு உணவாக. 1973, 1974 ஆம் ஆண்டுகளில் அரிசிக்கும் மாவுக்கும் ஏற்பட்ட பஞ்சத்தைப் பெரியோர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தோட்டங்களில் மரண விகிதம் உயர்ந்த காலம் அது. 1973 இல்தான் கெயார் நிறுவனத்தின் உதவியுடன் திரிபோஷா தொடங்கப்பட்டது. சோளமும் சோயாவும் கலந்த அந்த மா, கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நலிந்த குழந்தைகளுக்கும் உரியதாயிற்று. அந்தப் பஞ்சத்தில் என் அப்பாயி மரவள்ளிக் கிழங்கையும் கீரையையும் அவித்துத் தின்று மலைக்குப் போனார். அவர் வயிற்றில் அப்போது இருந்தவர் என் தகப்பனார்.

தகப்பனாரைப் பார்த்தால் யாரும் பருத்தவர் என்று கூறார். கை கால் குச்சி. இடுப்புப் பட்டிக்கு மேலே மாத்திரம் ஒரு சிறு தொந்தி. எனினும் அவருக்குச் சீனி வியாதி, ஈரலிலும் கொழுப்பு. "நான் என்ன வெண்ணெயும் நெய்யுமா தின்றேன்?" என்று அவர் கேட்பது நியாயமே. இதற்கு விடை தேடியவர்களுள் ஒருவர் டேவிட் பார்க்கர் என்ற ஆங்கிலேய வைத்தியர். கருவில் பசித்த குழந்தை, குறைந்த உணவுக்கு ஏற்றவாறு தன் உடலை அமைத்துக் கொள்கிறது. பின்னாளில் உணவு பெருகும்போது அவ்வுடல் திணறுகிறது என்பது அவர் கருத்து. 1944–45 குளிர்காலத்தில் ஹாலந்தில் நேர்ந்த பஞ்சத்தின்போது கருவிலிருந்தவர்களை ஐம்பது வயதளவில் பரிசோதித்தபோது, சர்க்கரையைத் தாங்கும் சக்தி அவர்களிடம் குறைந்திருக்கக் கண்டனர். ஆகவே தராசு மட்டும் போதாது. இடுப்பையும் அளக்க வேண்டும். தெற்காசிய மக்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதை எட்டினாலே எச்சரிக்கை என்பர்.

இனி ஈரலுக்கு வருவோம். கொழுந்து ஸ்டோருக்கு வந்து குவிவதுபோல், நாம் உண்ணும் மாச்சத்தும் சீனியும் ஈரலுக்கு வந்து சேருகின்றன. மிஞ்சியதை ஈரல் கொழுப்பாக மாற்றுகிறது. சிறிது தன்னிடமே தங்கும், மீதி இரத்தத்தில் செல்லும். சோயாப் புரதம் உண்ட எலிகளின் ஈரலில், கொழுப்பை உண்டாக்கும் நொதிகளின் வேலை தணியக் கண்டார்கள். இரத்தத்திலுள்ள கெட்ட கொலஸ்ட்ரோலைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள், சோயாவின் புரதப் பகுதியொன்றினால் பெருகுவதையும் சோதனைகளில் கண்டனர்.

மனிதரில் எப்படி? 1977 இல் மிலான் நகர வைத்தியர்கள், சோயா உணவால் நோயாளிகளின் கொலஸ்ட்ரோல் நன்றாகக் குறைந்ததாக வெளியிட்டார்கள். 1995 இல் 38 ஆய்வுகளை ஒன்றுகூட்டிப் பார்த்து, கெட்ட கொலஸ்ட்ரோல் ஏறக்குறைய 13 வீதம் குறைகிறது என்றார்கள். உற்சாகம் பிறந்தது. 1999 இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், நாளொன்றுக்கு 25 கிராம் சோயாப் புரதம் இருதய நோய் அபாயத்தைக் குறைக்கலாம் என்று உணவுப் பொதிகளில் அச்சிட அனுமதித்தது. ஆனால் 2006 இல் அமெரிக்க இருதயச் சங்கம் புதிய ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தபோது, தினமும் சுமார் 50 கிராம் உண்டாலும் குறைவது 3 வீதமளவே என்று கண்டது. 2017 இல் அந்த அனுமதியையே திரும்பப் பெறலாம் என்ற யோசனையும் எழுந்தது. உடல் எடையைக் குறைப்பதிலும், மற்றப் புரதங்களைவிடச் சோயாவுக்குப் பெரிய தனிச்சிறப்பு இருப்பதாகத் தெரியவில்லை.

அப்படியானால் சோயா வீணா? இல்லவே இல்லை. அது எதனுடைய இடத்தைப் பிடிக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எண்ணெய் பிழிந்தெடுத்த மாவில் செய்யப்படுவதால் உலர்ந்த சோயா மீட்டில் பாதியளவு புரதம். கொழுப்போ மிகச் சொற்பம். கொழுப்பு நிறைந்த இறைச்சிக்குப் பதிலாக அது வந்தால் நன்மை. தட்டிலுள்ள கோதுமை ரொட்டியில் ஒன்றைக் குறைத்து அவ்விடத்தில் வந்தால் இன்னும் நன்மை. புரதம் வயிற்றில் நின்று பசி தாங்கும். நாம் செய்வதோ வேறு. வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்த சோயா பஞ்சு போன்றது. அதை எண்ணெயில் பொரித்தால் எண்ணெயைக் குடிக்கும். பிறகு முதற்பால் ஊற்றுகிறோம், அதற்கென்று இரண்டு ரொட்டி கூடுதலாகத் தின்கிறோம், மேலே மூன்று கரண்டிச் சீனியோடு தேத்தண்ணீர். இதில் கரைவது கொழுப்பு அல்ல, சீனிதான்! (தைரொயிட் மாத்திரை உண்போர் அதையும் சோயாவையும் ஒரே வேளையில் சேர்த்து உண்ணலாகாது என்பதையும் இங்கே சொல்லி விடுகிறேன்; மாத்திரை உடலில் சேருவதைச் சோயா தடுக்கும்.)

இவற்றை அத்தையிடம் சொன்னேன். "பாக்கெட்டோட வர்ற மசாலாவைப் போடலாமா?" என்று உடனே கேட்டார். பிரஷர் உள்ளவர் அவர். அதில் உப்பு அதிகம், பாதி போதும் என்றேன். கடந்த ஞாயிறன்று பொரிக்காமல் வைத்த சோயாக் குழம்பை ஒரு கிண்ணத்தில் கொடுத்தனுப்பியிருந்தார். உப்புப் போதவில்லை என்று தகப்பனார் முணுமுணுத்தார். ஆயினும் வழக்கமான நான்கு ரொட்டியை அன்று இரண்டோடு நிறுத்திக் கொண்டார்.