விடுபட்ட ஓர் எழுத்து



பிரயாணக் குறிப்பு எழுதும் ஓவியனுக்குக் கடமைகள் இரண்டு. கண்டதைப் பிழையின்றி வரைவது ஒன்று. காணப்பட்டவரின் மனத்தை மதிப்பது மற்றொன்று. முன்னதில் வல்லவர் ஒருவரைப் பற்றி இன்று கூற விரும்புகின்றேன்.

பிலடெல்பியா நகரத்து ஓவியர் ரிச்சர்ட் கேர்ன், 1849ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் சாந்தா ஃபேயிலிருந்து அமெரிக்கப் படையொன்றுடன் புறப்பட்டார். நியூ மெக்சிக்கோ உடன்படிக்கையின்படி அமெரிக்காவின் வசமானது அதற்கு முந்திய ஆண்டிலேதான். லெப்டினன்ட் சிம்சனின் நில ஆய்வுக்குப் படம் வரைவது கேர்னின் பணி. நாட்குறிப்பும் எழுதி வந்தார்.

வழியிலே ஹேமஸ் என்னும் ஊர். அடுக்கடுக்காக வீடமைத்துச் சோளம் பயிரிட்டு வாழும் புவெப்ளோ மக்களின் ஊர்களுள் அதுவும் ஒன்று. அங்கே கீவா எனப்படும் வழிபாட்டு மண்டபத்தின் சுவரோவியங்களைக் கேர்ன் பிரதி செய்தார். ஊர்த் தலைவர் ஹொஸ்தாவின் உருவத்தையும் தீட்டினார். பின்னர் அதே ஹொஸ்தா வழிகாட்ட, சாக்கோ பள்ளத்தாக்கின் பாழடைந்த பெருமனைகளை வரைந்தார். அங்குள்ள புவெப்ளோ பொனிட்டோவின் அறைகள் பல 1941இல் பாறை சரிந்து நொறுங்கின. காலம் அழிப்பதைக் காக்கும் ஓவியனுக்கு நாம் கடமைப்பட்டவர்களே.

ஆயினும், கீவாவின் சுவர்கள் பாழடைந்தவையல்ல. வாழும் சமயத்தின் அங்கங்கள். 1850இல் சிம்சனின் அறிக்கையுடன் அவ்வோவியங்கள் அச்சேறின. அவற்றை யார் காணலாம் என்று தீர்மானிக்கும் உரிமை அன்றே அம்மக்களின் கையை விட்டு நீங்கியது.

செப்டெம்பரில் இருவரும் எல் மோரோ என்னும் பாறையை அடைந்தனர். அதன் உச்சியில் ஸூனி மக்களின் முன்னோர் வாழ்ந்த ஊர். அடிவாரத்தில் 1605 முதல் ஸ்பானியர் பொறித்த சாசனங்கள். இரண்டு நாட்கள் அவற்றைப் பிரதி செய்தபின், தம் வருகையையும் அங்கே பொறித்தனர். அதிலே ஒரு சொல்லில் ஓர் எழுத்து விடுபட்டது. பள்ளி மாணவர் செய்வதுபோல அதனை மேலே செருகித் திருத்தியிருப்பதை இன்றும் காணலாம்.

கேர்ன் 1853இல் யூட்டாவில் கொல்லப்பட்டார். அவருடைய ஏட்டில் விடுபட்டதை அவர் திருத்த இயலாது. ஹேமஸ் மக்களே திருத்தினர்: தம் ஊரில் படம் பிடித்தலாகாது, வரைதலாகாது, ஒலிப்பதிவு செய்தலாகாது என்று விதித்துள்ளனர். அயலூர் செல்லும் நம் இளைஞர்களே, பையிலிருந்து கருவியை எடுக்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். விடுபடக் கூடாத எழுத்து அதுவே.