தராசில் ஏறிய கத்தி



கெடிலம் ஆற்றங்கரையில், பண்ருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் இடைப்பட்ட கரும்புப் பிரதேசத்தில், முப்பது வருஷ காலம் டிராக்டர் பட்டறை வைத்துப் பிழைத்தவன் என்கிற ஒரே யோக்கியதையைக் கொண்டு, ஒரு யந்திரத்தைப் பற்றி உங்களோடு பேச வந்திருக்கிறேன். வெட்டு முடிந்து, கரும்பு ஏற்றிய லாரியும் போய், கொல்லை முழுவதும் முழங்கால் உயரத்துக்குச் சோகை பரந்து கிடக்கிற நாளில், டிராக்டரின் பின்னால் பூட்டிக்கொண்டு போய், அந்தச் சோகையை அடித்துத் தூளாக்கி அங்கேயே பரப்பிவிட்டு வருகிற யந்திரம் அது. சிலர் அதைச் சோகை தூளாக்கும் கருவி என்பார்கள். பெரும்பாலோருக்கு அது மல்ச்சர். புல்லும் புதரும் வெட்டுவதற்கென்று இதே அமைப்பில் வருவதை ஃப்ளெயில் மோவர் என்று விற்கிறார்கள். பெயர் எதுவாயினும் வயிற்றுக்குள் இருப்பது ஒரே சமாசாரம்தான்: ஓர் இரும்பு உருளை, அதன் மேனியெங்கும் காது காதாகப் பற்றவைத்த தகடுகள், ஒவ்வொரு காதிலும் ஒரு போல்ட்டில் தொங்குகிற கத்தி.

சோகையை ஏன் கொளுத்தக் கூடாது என்பதை விவசாய அதிகாரிகள் எவ்வளவோ விஸ்தாரமாகச் சொல்லியிருக்கிறார்கள். ஏக்கருக்கு மூன்று, நான்கு டன் அளவுக்குக் கிடக்கிற அந்தச் சோகை போர்வையாக மண்ணை மூடிக் கிடந்தால் வெட்டிய கட்டையிலிருந்து துளிர்க்கிற மறுதாம்புக்கு ஈரம் நிற்கும், களை அடங்கும், மட்கினால் எருவாகும், கொளுத்தினாலோ அதிலிருக்கிற தழைச்சத்து புகையோடு போய்விடும் என்ற அளவில் நான் அதை நிறுத்திக்கொள்கிறேன். எனக்குப் பிரியமான விஷயம் அந்தத் தொங்குகிற கத்தி. அதைப் பற்றி ஆரம்பித்தால் எனக்கு நேரம் போவது தெரியாது என்பதை அறிந்த வானொலி நிலையத்தார், கண்ணாடிக்கு அப்பால் ஒரு கடிகாரத்தை என் முகத்துக்கு நேராகவே மாட்டி வைத்திருக்கிறார்கள்.

மேல்நாட்டில் யந்திரங்கள் வருவதற்கு முன்னால், நீண்ட கழி ஒன்றின் நுனியில் ஒரு குறுங்கழியைத் தோல்வாரால் கட்டித் தொங்கவிட்டு, அதைத் தலைக்கு மேல் வீசிக் கதிரடித்தார்கள். ஃப்ளெயில் என்பது அந்தக் கருவியின் பெயர். நாமோ உளுந்தையும் கேழ்வரகையும் ஒற்றைக் கழியால் அடித்தவர்கள். களத்தில் விழுந்த அடியில் ஒரு பங்கு நம் தோளுக்கே திரும்பி வந்ததை, அடித்த அனுபவம் உள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நுனி தனியாகத் தொங்கினால் அடி அங்கேயே தீர்ந்துவிடுகிறது, தோளுக்கு வருவதில்லை. இந்த யந்திரத்தின் சூட்சுமமும் அதுவே. மண்ணைக் கிளறுகிற ரோட்டவேட்டரின் கத்தி உருளையோடு இறுகப் பிணைந்தது. கருங்கல்லில் மோதினால் கத்தி முறியும், அல்லது அந்த அதிர்ச்சி கியர் பெட்டி வரைக்கும் போகும். தொங்குகிற கத்தியோ கல்லைக் கண்டால் சற்றே பின்னால் மடிந்து, வழிவிட்டு, அடுத்த கணமே மறுபடி நிமிர்ந்துகொள்கிறது.

நின்றுகொண்டிருக்கும்போது துவண்டு கிடக்கிற கத்தி, சுற்றும்போது விறைத்து நிற்பதற்கு என்ன காரணம் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், கம்பங்கொல்லையில் பட்சி ஓட்டுகிற கவணை நினைத்துக்கொள்ளுங்கள். சுழற்றச் சுழற்றக் கல் கையை வெளியே இழுக்கிறதல்லவா, அதே இழுப்புத்தான். எஞ்சினின் சக்தியைப் பின்னால் பூட்டிய யந்திரத்துக்குக் கொடுக்கிற, டிராக்டரின் பி.டி.ஓ. தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்று சுற்றுகிறது. கியர் பெட்டியும் பெல்ட்டும் சேர்ந்து அதை ஏறத்தாழ நான்கு மடங்காக்கி, 2000 சுற்று அளவில் உருளைக்குக் கொடுக்கின்றன. நுனிக்கு நுனி அரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால் கத்தி முனையின் வேகம் மணிக்கு 180 கிலோமீட்டருக்கும் மேலாகிறது. அந்த வேகத்தில், ஒரு கிலோ எடையுள்ள கத்தி தன்னைத் தாங்குகிற போல்ட்டை ஏறக்குறைய 900 கிலோ பாரத்தோடு வெளியே இழுக்கிறது. வீட்டில் காகிதமும் பென்சிலும் கையில் எடுத்தவர்கள் இந்த ஓர் எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஒரு தை மாசத்தில், ஆலைக்கு வெட்டு மும்முரமாக நடந்துகொண்டிருந்த சமயம், இருபத்தைந்து வயசுப் பையன் ஒருவன் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தினான். கடன் வாங்கி யந்திரம் எடுத்து வாடகைக்கு ஓட்டுகிறவன். “ஐயா, மல்ச்சர் போட்டாலே வண்டி ஆடுது. ஒரு மாசத்துல ரெண்டு வாட்டி பேரிங் மாத்திட்டேன். சாயங்காலம் சோத்துல கை வெச்சா வெரல் மரத்துப் போயிருக்கு” என்றான். தூக்கி நிறுத்திக் கீழே கட்டை கொடுத்துப் பார்த்தேன். தண்டு வளையவில்லை; உருளையும் நேராகவே இருந்தது. “கத்தி எப்ப மாத்தின?” என்று கேட்டேன். “எல்லாம் மாத்தலைய்யா. ஒண்ணு ஒடஞ்சிபோச்சு, அது ஒண்ணத்தான் புதுசு வாங்கிப் போட்டேன்” என்றான், சிக்கனமாக நடந்துகொண்டவனின் பெருமையோடு.

இருபத்து நான்கு கத்தியையும் கழற்றி, ஒரு சாக்கில் கட்டி, எதிர்ச் சாரியில் இருந்த வெல்ல மண்டிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். தராசில் கத்தியை வைத்ததும் மண்டிக் கணக்குப்பிள்ளை, “என்ன அண்ணே, வெல்லம் விக்கிற வெலைக்கு இரும்பையும் போட்டுடலாம்னா?” என்று கேட்டார். புதிய கத்தி சரியாக ஒரு கிலோ நின்றது. உருளையில் அதற்கு நேர் எதிரே தொங்கிய பழைய கத்தி, மணலில் தேய்ந்து தேய்ந்து, 850 கிராம்தான் இருந்தது. 150 கிராம் என்பது வெல்ல மண்டியில் ஒரு பொருட்டே அல்ல. ஆனால் முன்பு குறித்துக்கொண்ட கணக்கைப் போட்டுப் பாருங்கள், அந்த அற்ப வித்தியாசம் 130 கிலோவுக்கும் மேலான இழுப்பாகி, வினாடிக்கு முப்பத்து மூன்று தடவை, மேலும் கீழுமாக அந்தப் பேரிங்கைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்திருக்கிறது. பேரிங்கை எத்தனை முறை மாற்றித்தான் என்ன? துணி துவைக்கிற யந்திரத்தில் ஈரப் போர்வை ஒரே பக்கம் ஒதுங்கிவிட்டால் யந்திரம் எழுந்து நடக்க ஆரம்பிப்பதைப் பார்த்த தாய்மார்களுக்கு நான் சொல்வது சட்டென்று விளங்கும்.

அன்று அந்தப் புதுக் கத்தியைத் தள்ளிவைத்துவிட்டு, என் பட்டறையில் கிடந்த பழைய கத்திகளில் ஒன்றை அதற்குப் பதிலாகத் தேடி எடுத்து, ஒவ்வொன்றின் மேலும் சாக்குக் கட்டியால் எடையை எழுதி, எடை ஒத்த இரண்டை ஜோடி சேர்த்து, எதிரும் புதிருமாக மாட்டி முடிப்பதற்குள் விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது. ஓட்டிப் பார்த்தபோது அந்தக் கடகடப்பு போய், தம்பூராவின் சுருதி போல ஒரே சீரான முழக்கம் வந்தது. நான் சங்கீதம் பயின்றவனல்லன். ஆனால் அந்த முழக்கத்தை இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் சொல்லுவேன். ஆகையால் ஒரு கத்தி உடைந்தால் எதிர்க் கத்தியையும் சேர்த்து மாற்றுங்கள்; எல்லாம் தேய்ந்திருந்தால் மொத்தமாக மாற்றிவிடுவதே லாபம். தேய்ந்த முனையில் வெல்டிங் வைத்து வளர்க்கலாம் என்று யோசனை சொல்கிறவர்கள் உண்டு. சூடு பட்ட எஃகு தன் பதத்தை இழந்துவிடும், எடையும் கத்திக்குக் கத்தி மாறிவிடும். சவரக் கத்தி மாதிரி தீட்டுவதும் வீண் சிரமம். இந்தச் சுத்தி வடிவக் கத்தி வேகத்தினால் அடித்து நொறுக்குவது, கூர்மையை அது நம்பியிருக்கவில்லை.

கத்தியைக் கழற்றும்போது அதன் போல்ட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுவிலே இடை சிறுத்து, காதின் துவாரமும் நீள்வட்டமாகியிருந்தால் அந்தப் போல்ட் தன் ஆயுளை முடித்துவிட்டதென்று அர்த்தம். தலையில் 8.8 என்றோ 10.9 என்றோ எண் பொறித்த போல்ட்டையே, கையேட்டில் சொன்ன ரகம் பார்த்து வாங்க வேண்டும். ஒரு சமயம், அவசரத்துக்கு என்று சாதாரண போல்ட்டைப் போட்டு ஓட்டிய ஒருவரின் கத்தி கழன்று, பின்புறத்து ரப்பர்த் திரையைக் கிழித்துக்கொண்டு போய், அறுபது அடிக்கு அப்பாலிருந்த மோட்டார் கொட்டகையின் செங்கல் சுவரில் பதிந்து நின்றது. அந்தக் கொட்டகையில் சற்று முன்புவரை கட்டிலைப் போட்டுப் படுத்திருந்த பெரியவர், வெற்றிலை வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். அந்தத் துவாரத்தை அவர் பூசவே விடவில்லை, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். யந்திரம் ஓடுகையில் பின்னாலும் பக்கத்திலும் ஒருவரும் நிற்கலாகாது என்று நான் எத்தனை பேருக்குச் சொல்லியும் ஏறாதது, அந்தச் சுவரைப் பார்த்தவர்களுக்கு உடனே ஏறியது.

கடிகாரத்தின் முள் என்னைப் பார்க்கிறது. ஓட்டும் முறையைச் சுருக்கிச் சொல்லுகிறேன். முதலில் கொல்லையைக் கால்நடையாக ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். சொட்டு நீர்க் குழாய், கம்பி, சாக்கு, தேங்காய்க் கயிறு எதையும் விட்டுவைக்காதீர்கள். என் சொந்தக் கொல்லையிலேயே மறந்துபோய்விட்ட குழாய் ஒன்றை உருளை நூற்கண்டு மாதிரி சுற்றிக்கொள்ள, அதை அறுத்தெடுக்க எனக்கு அரை நாள் பிடித்தது. அதற்குள் ஆயில் சீலும் போயிருந்தது. பி.டி.ஓ.வை எஞ்சின் மெதுவாக ஓடும்போது போட்டு, பிறகு வேகத்தை முழு அளவுக்கு ஏற்றி, அதற்கப்புறமே வண்டியை நகர்த்த வேண்டும். 45 குதிரைசக்தி வண்டிக்கு ஐந்தடி யந்திரம் என்றால், தாழ்ந்த கியரில் மணிக்கு மூன்று கிலோமீட்டர் போதும். ஏக்கருக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகும், ஆகட்டும். பின் ரோலரை ஏற்றி இறக்கி, கத்தி மண்ணைத் தொடாமல், கரும்புக் கட்டையைச் சிதைக்காமல் உயரத்தை வைத்துக்கொள்ளுங்கள். மண்ணில் உரசுகிற கத்தி சோகையைவிட மண்ணையே அதிகமாக வெட்டும். திரும்பும்போது அதிகம் தூக்காதீர்கள், தண்டின் கிராஸ் பேரிங் கோணம் தாங்காமல் கதறும். பி.டி.ஓ.வை நிறுத்திய பிறகும் உருளை தன் கனத்தினால் வெகுநேரம் சுற்றிக்கொண்டிருக்கும். அது அடங்கி, சாவியையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்ட பிறகு கிட்டே போங்கள். அடியில் கை நீட்டுவதானால் ஹைட்ராலிக்கை நம்பாமல் கட்டை கொடுங்கள். தோளில் துண்டும், தழையத் தழைய வேட்டியும் கல்யாண வீட்டுக்கு அழகு. சுற்றுகிற தண்டின் அருகில் வேண்டாம், தண்டின் பிளாஸ்டிக் உறையையும் கழற்றி எறிய வேண்டாம்.

பராமரிப்பில் மீதி இருப்பவை எல்லாம் பத்து நிமிஷ வேலை: தினமும் காலையில் பேரிங்குக்கும் கிராஸுக்கும் கிரீஸ், கியர் பெட்டியில் 90 எண் எண்ணெயின் மட்டம், கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்குகிற பெல்ட், நெட்டு முடுக்கம், மணிக்கு ஒரு தரம் ரேடியேட்டர் வலையில் படிந்த சோகைத் தூசியைத் துடைப்பது, அதையே சைலன்ஸர் பக்கம் சேரவிடாமல் பார்த்துக்கொள்வது. விட்டுப்போனதை உங்கள் ஊர் மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள்; என்னைவிடப் பொறுமையாகச் சொல்வார்.

அந்தப் பையன் இப்போது மூன்று யந்திரம் வைத்திருக்கிறான். போன பருவத்தில் வழியில் பார்த்தபோது டூல் பெட்டியைத் திறந்து காட்டினான். ஸ்பேனர்களுக்கு நடுவே, மளிகைக் கடையில் வைத்திருப்பது போன்ற சின்னத் தராசு ஒன்று, சுத்தமான துணியில் சுற்றியிருந்தது. இந்த வருஷத்து வெட்டு முடிந்து நான் பஸ்ஸில் நெல்லிக்குப்பம் வழியாக வருகிறபோது, சோகை எரிகிற புகை கண்ணைக் கரிக்காமல், அந்த முழக்கம் இரண்டு கொல்லையிலாவது காதில் விழ வேண்டுமென்று ஆசைப்படுகிறேன்.